அம்மாவின் முகம் படிக்கும் பிள்ளைகள்

லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கின் ஆய்வறை ஒன்றில் இரண்டு மாதக் குழந்தை சாய்வு இருக்கையில் கிடக்கிறது. எதிரே, முகத்துக்கு நேராக, அம்மா. முதலில் அவர் வீட்டில் செய்வதுபோலவே குழந்தையைக் கொஞ்ச வேண்டும். பிறகு ஒன்றரை நிமிடம் பேசாமல், சிரிக்காமல், முகத்தில் சிறு அசைவும் காட்டாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அது முடிந்ததும் மறுபடி கொஞ்சலாம்.

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு ட்ரோனிக் உருவாக்கிய சோதனை இது. இதில் பெரும்பாலான குழந்தைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. முதலில் அம்மாவை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கும்: சிரிக்கும், கைகால் உதைக்கும், குரல் கொடுக்கும். பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கும். அம்மா பழையபடி சிரித்ததும் சற்று முரண்டு பிடித்துவிட்டுச் சமாதானமாகிவிடும்.

லிசா கிராண்டல், மேத்யூ பேட்ரிக், பீட்டர் ஹாப்சன் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ள 8 தாய்மாரும் மனநோய் ஏதுமில்லாத 12 தாய்மாரும் இந்தச் சோதனைக்கு வந்தார்கள். முதல் குழுவின் குழந்தைகள் அந்த ஒன்றரை நிமிடத்தில் மற்றவற்றைவிட அதிகமாக வேறுபக்கம் பார்த்தன. மலங்க மலங்க விழித்தன. அம்மா மறுபடி கொஞ்சத் தொடங்கிய பின்னும் முகம் தெளியவில்லை. எட்டே எட்டு தாய்மார்தான், இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் குழந்தைகளின் வயதைப் பாருங்கள். தலைகூட சரியாக நிற்காத வயதில், அம்மாவின் முகம் நம்பத்தக்கதா என்ற கணக்கு உடம்புக்குள் தொடங்கிவிட்டதோ என்று இந்த ஆய்வு யோசிக்கவைக்கிறது.

அந்தத் தாய்மார் குழந்தையைக் கவனிக்காமல் விட்டவர்கள் அல்லர். ஆய்வாளர்கள் கண்டது அதற்கு நேர்மாறு. குழந்தைக்கு இப்போது என்ன வேண்டும் என்று பார்க்காமல், அதன் போக்குக்குக் காத்திராமல், அதன்மேல் தங்களைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை தன்னைப் பார்க்கவில்லை என்றால் தன்னை வெறுக்கிறது என்று நினைக்கும் ஒரு மனத்தை எண்ணிப் பாருங்கள். அந்த விடாப்பிடியின் காரணம் ஓரளவு பிடிபடும்.

மருத்துவர்கள் பேச்சில் ‘பார்டர்லைன்’ என்று சுருங்கிவிட்ட இந்த நோய், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. இப்போதைய பதிப்பு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. கைவிட்டுவிடுவார்களோ என்ற தீராத பயம். இன்று தலையில் தூக்கிவைத்தவரை நாளை காலில் போட்டு மிதிக்கும் உறவுகள். தான் யார் என்பதிலேயே நிலைகொள்ளாமை. பின்விளைவு பாராமல் செலவிடுவது, குடிப்பது போன்ற செயல்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது அல்லது உயிரை மாய்க்க முயல்வது. மணிக்கு மணி மாறும் மனநிலை. உள்ளே நிரம்பாத வெறுமை. அடங்காத கோபம். நெருக்கடியில் சுற்றியிருப்பவர்களைச் சந்தேகிப்பது, இல்லாவிட்டால் உணர்வற்று மரத்துப்போவது. இவற்றில் ஐந்து இருந்தால் நோய் என்பது வரையறை. ஐந்து அல்லது அதற்கு மேல் என்னும்போது மொத்தம் 256 விதமாக அமைய வழியுண்டு. ஆகவே இந்த நோயுள்ள இரண்டு அம்மாக்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஒருவர் பாத்திரத்தை விட்டெறிவார். இன்னொருவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் பேசமாட்டார்.

வயதுவந்தோரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. மருத்துவமனைக்கு வருவோரில் பெண்களே அதிகம். ஊருக்குள் சென்று கணக்கெடுத்தால் ஆண்களும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறார்கள். அப்படியானால் இப்படிப்பட்ட அப்பாக்களும் நிறைய இருக்க வேண்டும். ஆய்வுகள் பெரும்பாலும் அம்மாக்களைத்தான் பார்த்திருக்கின்றன என்பதால் இந்த அத்தியாயமும் அவர்களைப் பற்றியதாகிறது. குற்றம் அம்மாவுடையது என்பதால் அல்ல.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இருமுனைக் கோளாறில் மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். இங்கே காலையில் ஒன்று, மதியம் ஒன்று. தூண்டுவது பெரும்பாலும் உறவில் நிகழும் ஏதோ ஒரு சின்ன விஷயம். போனை எடுக்கவில்லை, கணவர் வர அரை மணி நேரம் தாமதம், லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போகிறேன் என்று பிள்ளை சொல்லிவிட்டது. அதைக் கேட்ட நொடியில் அந்த அம்மாவுக்கு எழும் பயம் நிஜமானது. அவர் நடிக்கவில்லை, நாடகமாடவில்லை. எதிரில் நிற்பது எட்டு வயதுப் பிள்ளை என்பதுதான் சிக்கல்.

பிள்ளைக்கு இதில் எது அதிகம் வலிக்கிறது? கோபம்தான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்போதும் கடுகடுப்பாகவே இருக்கும் பெற்றோரிடம் வளரும் பிள்ளை ஒதுங்கக் கற்றுக்கொள்கிறது, பாசத்தை வேறிடத்தில் தேடிக்கொள்கிறது. இந்த வீட்டிலோ ஒரே ஸ்விட்ச்சைத் தொட்டால் ஒருநாள் விளக்கு எரிகிறது, மறுநாள் ஷாக் அடிக்கிறது. இருட்டில் இருக்க முடியாத பிள்ளை அதைத் தொடாமலும் இருக்க முடியாது.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டாலி பராம் குழுவினர் இதற்கு நெருங்கிய ஒன்றை எலிகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். குட்டிகள் பிறந்த 2ஆம் நாளிலிருந்து 9ஆம் நாள்வரை, கூண்டில் கூடுகட்டத் தேவையான பொருள்களைக் குறைத்துவிடுவார்கள். தாய் எலி தவித்துப்போகும். நக்கிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு ஓடும், பாலூட்ட உட்கார்ந்ததும் எழுந்துகொள்ளும், திரும்ப வரும், மறுபடி ஓடும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் குட்டிகளுக்குக் கிடைத்த பராமரிப்பின் அளவில் பெரிய குறையில்லை. குறைந்துபோனது, இதற்குப் பின் இது வரும் என்ற ஒழுங்கு. அந்தக் குட்டிகள் வளரிளம் பருவத்தை எட்டியபோது சர்க்கரைத் தண்ணீரில் நாட்டம் குறைந்திருந்தது, மற்ற எலிகளோடு விளையாடுவதும் குறைந்திருந்தது. மகிழத் தெரிவதே மங்கிவிட்டதுபோல. எலிசியா டேவிஸுடன் சேர்ந்து இதே குழு 2017இல் மனிதர்களிடமும் பார்த்தது. ஒரு வயதில் அம்மாவின் குரல், தொடுகை, பார்வை ஆகியவை எந்த வரிசையில் வரும் என்று ஊகிக்க முடியாமல் போன குழந்தைகள், பிற்பாடு நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்கினார்கள். இந்தத் தாய்மாருக்கு நோய் இருந்தது என்பதல்ல இதன் பொருள். எவ்வளவு அன்பு என்பதோடு, அந்த அன்பு எந்த ஒழுங்கில் வருகிறது என்பதையும் மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஒரு வயதுக் குழந்தையை அம்மாவிடமிருந்து சில நிமிடம் பிரித்து, திரும்பச் சேர்க்கும்போது அது என்ன செய்கிறது என்று பார்ப்பது இன்னொரு புகழ்பெற்ற சோதனை. சில குழந்தைகள் அம்மாவை நோக்கி ஓடிவந்து பாதியில் நின்றுவிடும். சில பின்னோக்கி நடக்கும். சில, தூக்கிய கை தூக்கியபடியே உறைந்துவிடும். மேரி மெயினும் ஜூடித் சாலமனும் 1980களில் இதைச் சீர்குலைந்த பற்று எனத் தனி வகையாகப் பிரித்தார்கள். பயந்தால் ஓடிப்போய்ப் பற்றிக்கொள்ள ஒருவர் வேண்டும். பயமுறுத்துபவரும் அவரே என்றால் உடம்புக்குப் போக்கிடம் இல்லை. ஓடுவதும் நிற்பதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. ஹாப்சன் குழு 2005இல், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ள தாய்மாரின் 10 குழந்தைகளில் 8 இந்த வகையில் இருப்பதாகக் கண்டது.

பேசத் தெரிந்த வயதில் பிள்ளைகளையே கேட்கலாம். ஆனால் நேரடியாகக் கேட்டால் எந்தப் பிள்ளையும் அம்மாவைக் காட்டிக்கொடுக்காது. டென்னசிப் பல்கலைக்கழகத்தின் ஜென்னி மேக்ஃபீ பொம்மைகளைக் கொண்டு கேட்டார். மேஜையில் ஒரு பொம்மைக் குடும்பம். பழச்சாறு கொட்டிவிட்டது, அம்மாவும் அப்பாவும் வெளியூர் கிளம்புகிறார்கள் என்ற மாதிரி ஏதாவது ஓர் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, ‘இப்ப என்ன நடக்குது, காட்டு’ என்று பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். 4 முதல் 7 வயதுவரையான பிள்ளைகள். நோயுள்ள தாய்மாரின் பிள்ளைகள் சொன்ன கதைகளில் கைவிடப்படும் பயம் அதிகம் வந்தது. வெட்கப்பட்டுக் குறுகும் பிள்ளைப் பொம்மைகள் வந்தன. விளையாட்டுக் கதை எது, நிஜம் எது என்ற வேலி சில இடங்களில் சரிந்தது. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திய முடிவு ஒன்று உண்டு: அந்தக் கதைகளில் பிள்ளைப் பொம்மை அம்மாப் பொம்மையைக் கவனித்துக்கொண்டது.

நம் ஊரில் இந்தக் கடைசி அடையாளத்தைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் நாம் அதைப் பாராட்டுகிறோம். ‘எட்டு வயசுதான், என்ன பொறுப்பு பாருங்க. அம்மா படுத்துட்டா தம்பிக்குச் சோறு போட்டு, அம்மா தலையையும் அமுக்கி விடுறா’ என்று உறவினர் மெச்சும் பெண்பிள்ளை, பல சமயம் உண்மையிலேயே பொறுப்பான பிள்ளைதான். சில சமயம், தன் பசி எது என்று தனக்கே தெரியாமல் போய்விட்ட பிள்ளை. வித்தியாசம் தெரிய வேண்டுமானால், அவள் உதவிசெய்யும்போது பார்த்துப் பயனில்லை. அவளுக்குக் காய்ச்சல் வரும்போது யாரிடம் போகிறாள் என்று பார்க்க வேண்டும்.

முகத்துக்குத் திரும்புவோம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சேத் பொல்லாக், மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளிவாகும் முகப்படங்களைப் பிள்ளைகளிடம் காட்டினார். வீட்டில் அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள் கோப முகத்தை மற்றவர்களுக்கு முன்பாகவே, படம் இன்னும் தெளியாதபோதே, சொல்லிவிட்டார்கள். இந்த நோயுள்ள எல்லா அம்மாக்களும் அடிப்பவர்கள் அல்லர். ஆனால் அந்தத் திறமை பிறப்பது அபாயத்தை முன்கூட்டி அறிந்தாக வேண்டிய கட்டாயத்திலிருந்து, அந்தக் கட்டாயம் இந்த வீடுகளிலும் உண்டு. மறுபக்கம், யேல் பல்கலைக்கழகத்தில் 2003இல் நடந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், முகப்படங்களைப் பார்த்தபோது, நோயுள்ளவர்களின் மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி மற்றவர்களுடையதைவிட அதிகமாகக் கிளர்ந்தது. உணர்ச்சியே இல்லாத சாதாரண முகம்கூட மிரட்டுவதாகத் தெரிந்தது என்று சிலர் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அம்மாவுக்குக் கோபம் வருமோ என்று பிள்ளை அசையாமல் உற்றுப் பார்க்கிறது. அசைவில்லாத அந்த முகத்தை அம்மா வெறுப்பு என்று படிக்கிறார். ‘ஏன் அப்படி முறைக்கிறே?’ என்று கேட்கிறார். பிள்ளையின் பயம் நிஜமாகிவிடுகிறது.

புயல் ஓய்ந்த மறுநாள் காலை இன்னொரு விதமான பாதிப்பு தொடங்குகிறது. இரவு ‘நீ பிறந்ததே என் தலையெழுத்து’ என்று கத்திய அம்மா, காலையில் பூரி சுட்டுக்கொண்டு பாட்டுப் பாடுகிறார். நேற்று சொன்னதை எடுத்தால், ‘நான் எப்ப அப்படிச் சொன்னேன்?’ என்கிறார். அது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. உச்சக் கொந்தளிப்பில் மனம் விலகி மரத்துப்போவது நோயின் பகுதி, அந்த நேரத்து நினைவு அவருக்குக் கிழிந்துதான் இருக்கும். பிள்ளைக்கு அது தெரியாது. இரண்டில் ஒன்றை அது தேர்ந்தெடுத்தாக வேண்டும்: அம்மா பொய் சொல்கிறார், அல்லது நான் கேட்டது தப்பு. சின்ன வயதில் பிள்ளைகள் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அம்மாவை இழப்பதைவிடத் தன் காதை நம்பாமல் இருப்பது எளிது. முப்பது வயதில் இவர்கள் ஆலோசகர் முன் உட்காரும்போது, ‘நான் மிகைப்படுத்துறேனோ என்னமோ’ என்று தொடங்குவது இதனால்தான். உடன்பிறந்தவர்களும் சாட்சிக்கு வரமாட்டார்கள். ஒருவர் எப்போதும் தங்கமாகவும், மற்றவர் எப்போதும் உதவாக்கரையாகவும் இருந்த வீட்டில், இருவரும் வளர்ந்தது ஒரே அம்மாவிடம் அல்ல.

அமெரிக்காவில் கிறிஸ்டின் ஆன் லாசன் 2000இல் எழுதிய நூல் இத்தகைய அம்மாக்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: அனாதை, துறவி, ராணி, சூனியக்காரி. வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அந்த நூல் பெரிய ஆறுதலைக் கொடுத்திருக்கிறது. தனக்கு நடந்ததை இன்னொருவர் எழுதிவைத்திருப்பதைப் பார்ப்பதே பாதி மருந்து. ஆனாலும் சூனியக்காரி என்ற வகையை என்னால் ஏற்க முடியவில்லை. நோயாளியாக வரும் பெண்ணுக்கு அது அநியாயம் என்பது ஒருபுறம். பிள்ளைக்கு அது பயன்படாது என்பது இன்னும் முக்கியம். தன்னை மடியில் போட்டுத் தூங்கவைத்தவரும் அதே அம்மாதான் என்பது பிள்ளைக்குத் தெரியும். இரண்டும் உண்மை என்று தாங்கிக்கொள்ளும் பலம் அதற்கு வேண்டும். நல்லது, கெட்டது என்று இரண்டாகக் கிழித்துப் பார்க்கும் நோயின் பழக்கத்தையே நாமும் அதற்குக் கற்றுக்கொடுப்பதில் என்ன இருக்கிறது?

‘எனக்கும் வந்துவிடுமா?’ என்ற கேள்வியை இந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்கிறார்கள். சுவீடனில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு, இந்த நோயின் மரபுவழிப் பங்கை 46 சதவீதம் என்று கணித்தது. பிள்ளைக்கு வர 46 சதவீத வாய்ப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணுக்களைச் சேர்ந்தது என்பதே அந்த எண். நோயுள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடுதல், அவ்வளவுதான்.

அந்த ஆபத்தைக் குறைப்பது எது? ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் திடமான, அன்பான பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றுள் ஒன்று, நிலையாக ஒட்டிக்கொள்ளக் கிடைத்த ஒரு பெரியவர். தாத்தா பாட்டி, அத்தை, ஆசிரியர், யாராகவும் இருக்கலாம். கூட்டுக்குடும்பத்தைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கங்கள் இல்லை. அதே பாட்டி மருமகளை ‘பேய் பிடிச்சவ’ என்று ஊரெல்லாம் சொல்லிப் பிள்ளையைக் கூனிக்குறுக வைப்பதும் உண்டு. ஆனால் தெருமுனையில் ஒரு சித்தி வீடு இருந்து, எந்த நேரத்தில் போனாலும் ஏன் வந்தாய் என்று கேட்காமல் தட்டு வைத்தால், அது ஒரு சிகிச்சைக்குச் சமம்.

அதைவிட அருமையாகக் கிடைப்பது, ஒரு பெரியவர் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லும் நாலு வாக்கியம்: ‘அம்மாவுக்கு ஒரு நோய் இருக்கு. அது வந்தா பயமும் கோபமும் ரொம்பப் பெருசாயிடும். நீ செஞ்ச எதனாலயும் வரல. அதைச் சரிபண்றது உன் வேலை இல்ல, டாக்டரும் நாங்களும் பாத்துக்குவோம்.’ கடைசி வாக்கியத்துக்குச் செயலும் வேண்டும். ‘செத்துப்போறேன்’ என்று அம்மா சொல்லும்போது, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியது பிள்ளை அல்ல. இந்த நோயில் அந்தப் பேச்சை மிரட்டல் என்று ஒதுக்கவும் கூடாது. எந்தப் பெரியவரை அழைப்பது என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் டெலி-மானஸ் உதவி எண் 14416, எந்நேரமும் பேசலாம்.

நோய்க்குச் சிகிச்சை உண்டு. சியாட்டிலில் மார்ஷா லினெஹன் உருவாக்கிய டி.பி.டி. எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, கொந்தளிப்பைக் கவனிக்கவும் தாங்கவும் தணிக்கவும் பயிற்சி தருகிறது. 17 வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை லினெஹன் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். லண்டனில் ஆண்டனி பேட்மனும் பீட்டர் ஃபொனகியும் உருவாக்கிய சிகிச்சை, தன் மனத்திலும் எதிராளி மனத்திலும் என்ன ஓடுகிறது என்று நிதானமாக யோசிக்கப் பழக்குகிறது. பெர்லினில் பாபெட் ரென்னபெர்க் குழு, சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் நோயாளித் தாய்மாருக்கென்றே ஒரு குழுப் பயிற்சியை அமைத்திருக்கிறது. இப்படித் தாய்மையைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது இன்னும் அரிதாகவே நடக்கிறது. தூக்கம் எப்படி, கோபம் எப்படி, கையைக் கீறிக்கொண்டீர்களா என்று நோயாளியிடம் கேட்கப்படும் கேள்விகளில், வீட்டில் பிள்ளைகள் எத்தனை, நேற்று ராத்திரி அவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி இடம்பெற வேண்டும். அந்த நோயை மிக அருகிலிருந்து, மிக நுட்பமாகக் கவனித்தவர்கள் அவர்கள்தான். அவர்களை யாரும் கேட்பதில்லை.

பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் மேரி சனரினி 1992இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 290 நோயாளிகள், சேரும்போது வயது 18 முதல் 35வரை. இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வந்தார்கள். பத்தாண்டு முடிவில் 93 சதவீதம் பேர் குறைந்தது இரண்டாண்டு தொடர்ச்சியாக நோயின் வரையறைக்கு வெளியே இருந்திருக்கிறார்கள். வேலையும் உறவுகளும் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் ஏறக்குறைய பாதி. மனநல மருத்துவத்தில் இது மகத்தான செய்தி. பிள்ளையின் இடத்திலிருந்து படித்தால் இதற்குள் ஒரு வலி இருக்கிறது. 18க்கும் 35க்கும் இடையில்தான் பிள்ளை பெறுவதும் நடக்கிறது. அம்மா தெளிவதற்குள் பள்ளிப்பருவத்தின் பெரும்பகுதி கடந்துவிட்டிருக்கும். மகளுக்கு இருபத்தெட்டு வயதாகும்போது, ‘உங்கம்மா எவ்வளவு சாது’ என்று புது அண்டைவீட்டார் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

அந்த வயதில் பலர் கொண்டுவரும் கேள்வி: ‘அம்மா இப்ப நல்லாத்தான் இருக்காங்க. என் குழந்தையை அவங்ககிட்ட விட்டுட்டு வேலைக்குப் போகலாமா?’ இருபது வருடத்துக்கு முன் எழுதிய நோய்ப்பெயரைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, மகளின் குற்றவுணர்ச்சியும் பதில் சொல்லக் கூடாது. முதலில் இன்னொரு பெரியவர் கூட இருக்க, இரண்டு மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். குழந்தை அழுதால் பாட்டி என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். ‘நீ வேணாம், எனக்கு அம்மாதான் வேணும்’ என்று குழந்தை சொன்னால் என்ன செய்கிறார் என்பதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். அதைக் கேட்டும் முகம் மாறாமல், சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கி மகளிடம் கொடுத்துவிடுகிற பாட்டியிடம் அடுத்த வாரம் அரைநாள் விடலாம்.